லோட்டஸ் எலானுக்கு எந்தச் சேஸிஸ்: தகடா, குழாயா, சொந்த வடிவமா?

பழைய லோட்டஸ் எலான் (1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்க வருபவர்கள் முதலில் பானட்டைத் திறந்து இஞ்சினைப் பார்ப்பார்கள், அப்புறம் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள். வண்டியின் விலையை உண்மையில் தீர்மானிப்பது சேஸிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் சட்டகத்தில், முன்சக்கரங்களுக்கு உள்பக்கம் நிற்கும் இரண்டு தகட்டுத் தூண்கள். முன் சஸ்பென்ஷன் முழுவதும் அவற்றைப் பிடித்துத்தான் நிற்கிறது. தண்ணீர் வடிவதற்காக அடியில் விட்ட துளை சேற்றில் அடைத்துக்கொண்டால் தூண் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினால் நிலவரம் தெரிந்துவிடும்.

அந்த ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இருப்பதை வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம். அதே வடிவத்தில் துத்தநாகம் பூசிய, அதாவது கால்வனைஸ் செய்த புதுத் தகட்டுச் சேஸிஸ் வாங்கலாம். குழாய்களால் கட்டிய ரெடிமேட் சேஸிஸ் வாங்கிப் பொருத்தலாம். அல்லது குழாய் வாங்கிவந்து, சஸ்பென்ஷன் உட்பட எல்லாவற்றையும் சொந்தமாக வரைந்து கட்டலாம். நான்காவது வழிதான் மனதை இழுக்கும். பட்டறை வைத்திருப்பவர்களோடு பேசினால் பேச்சு பத்து நிமிடத்தில் அங்கேதான் போய் நிற்கும். அதனால் அதையே அதிகமாக அலசப்போகிறேன். ஆனால் அதற்கு முன் அசல் சேஸிஸ் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் ‘குழாய்தான் பலம்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அசல் சேஸிஸ் அவ்வளவு மோசமா?

எலான் 1962இல் வந்தது. வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ரான் ஹிக்மன். பின்னாளில் ஒர்க்மேட் என்ற மடக்குப் பட்டறை மேசையைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். அதற்கு முந்தைய லோட்டஸ் எலீட்டில் தனிச் சேஸிஸே கிடையாது, ஃபைபர்கிளாஸ் பாடிதான் சேஸிஸ். எலானையும் அப்படியே செய்ய நினைத்தார்கள். கூரை இல்லாத திறந்த வண்டியில் ஃபைபர்கிளாஸை மட்டும் நம்பிப் போதிய விறைப்பைக் கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. இடையில் இஞ்சினையும் சஸ்பென்ஷனையும் ஓட்டிச் சோதிப்பதற்காக, தற்காலிகமாக ஒரு எஃகுத் தகட்டு முதுகெலும்பை மடித்துச் செய்தார்கள். அது அவ்வளவு நன்றாக இருந்ததால் அதுவே நிரந்தரமாகிவிட்டது.

நடுவில் நீளமான ஒரு தகட்டுப் பெட்டி. முன்பக்கம் கவட்டையாகப் பிரிந்து இஞ்சினைத் தாங்கும். பின்பக்கம் மறுபடி பிரிந்து டிஃபரன்ஷியலைத் தாங்கி, பின் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுகளுக்கான (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டுகள்) இரண்டு கோபுரங்களாக எழும். கியர்பாக்ஸும் புரொபெல்லர் ஷாஃப்டும் பெட்டிக்குள்ளேயே போகும். முன் குறுக்குச் சட்டத்தின் உள்வெளியை, வெற்றிட இழுப்பால் மேலெழும்பும் ஹெட்லைட்டுகளுக்கான வெற்றிடத் தொட்டியாகவும் பயன்படுத்தினார்கள். ஒரே தகடு மூன்று வேலை பார்க்கிற சிக்கனம்தான் அந்தக் காலத்து லோட்டஸ்.

இந்தச் சேஸிஸுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எடை 75 பவுண்டு, அதாவது 34 கிலோ. முறுக்கு விறைப்பு, அதாவது சேஸிஸை ஒரு டிகிரி திருகத் தேவையான முறுக்குவிசை, 4,500 பவுண்டு-அடி, நம் கணக்கில் ஏறத்தாழ 6,100 நியூட்டன் மீட்டர். இன்றைய கார்களோடு வைத்துப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, ஸ்பிரிங்குகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். எலானின் ஸ்பிரிங்குகள் மிக மென்மையானவை. சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர். இப்படிப் பார்த்தால் வண்டி ஒரு டிகிரி சாய ஓர் அச்சுக்கு ஏறத்தாழ 125 நியூட்டன் மீட்டர் வேண்டும், இரண்டு அச்சுக்கும் சேர்த்து 250. சேஸிஸின் விறைப்பு 6,100. அதாவது ஸ்பிரிங்குகள் தரும் விறைப்பைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு. சாலை ஸ்பிரிங்குகளோடு ஓடும்வரை இந்தச் சேஸிஸ் முறுக்குவதை ஓட்டுநரால் உணரவே முடியாது. ஸ்பிரிங்கை நாலு மடங்கு விறைப்பாக்கி, ஒட்டும் பந்தய டயர் போட்டால் அந்த 24 ஆறாகச் சுருங்கிவிடும். அப்போதுதான் சேஸிஸின் விறைப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

எலானின் ஓட்டம் ஏன் இன்றும் பேசப்படுகிறது என்பதற்குப் பதிலில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மென்மையான ஸ்பிரிங், அதற்குத் தாராளமாகப் போதுமான சேஸிஸ், மிகக் குறைந்த எடை. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மர்ரி, ஸ்டியரிங் பற்றிப் பேசும்போது எலானைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்வார். அந்த ஸ்டியரிங் வேலை செய்தது இந்த மடித்த தகட்டின் மேல்தான்.

அப்படியானால் இதில் குறையே இல்லையா? இருக்கிறது. நடுப்பெட்டி சரி, முனைகள்தான் பலவீனம். முன் தூண்களும் பின் கோபுரங்களும் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பவை. விசை வந்து விழுவதும் அங்கேதான், துரு வருவதும் அங்கேதான். முன்னால் இடித்த வண்டியில் கவட்டை பிரியும் இடத்தில் தகடு லேசாகச் சுருங்கி மடிந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, டயர் தேயும் விதத்தில் தெரியும்.

வெட்டி ஒட்டுவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். துரு ஓர் இடத்தில் மட்டும் இருந்து, வண்டி எங்கும் இடிபடாதது என்று உறுதியாகத் தெரிந்து, அசல் சேஸிஸ் என்பதற்கே விலை இருக்கும் ஆரம்பக்கால வண்டியாகவும் இருந்தால் செய்யலாம். மற்றபடி பாடியைத் தூக்கியாகிவிட்டது, பிரேக் லைன் முதல் ஒயரிங் வரை கழற்றியாகிவிட்டது. அவ்வளவும் செய்துவிட்டு ஐம்பது வருடம் உள்ளே துருவேறிய பெட்டிக்கு ஒட்டுப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒட்டுப் போட்ட தூணுக்குள் வெல்டிங் சூட்டில் பெயின்ட் எரிந்துபோயிருக்கும். அடுத்த துரு அங்கிருந்தே கிளம்பும்.

புதுத் தகட்டுச் சேஸிஸ்

அசல் வடிவத்திலேயே செய்து, துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்த சேஸிஸ்கள் கிடைக்கின்றன. லோட்டஸே மாற்றுச் சேஸிஸ்களைக் கால்வனைஸ் செய்து விற்றது. பாடி பொருந்தும், பழைய சஸ்பென்ஷன் பொருந்தும், ஹெட்லைட் வெற்றிடத் தொட்டியும் இருக்கும். சலிப்பூட்டும் அளவுக்குச் சரியான தேர்வு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. துத்தநாகத் தொட்டியின் சூடு ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் கொஞ்சம் வளையலாம். அதனால் பாடியை இறக்குமுன் சமதளத்தில் வைத்து, சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டைக் கைகளான விஷ்போன்களின் பின்கள் நான்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, பின் கோபுரங்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்தே ஆக வேண்டும். புதுசுதானே என்று அளக்காமல் மாட்டிவிட்டு, பிறகு வீல் அலைன்மென்ட் சரியாக வரவில்லை என்று மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டாவது, மரைகளிலும் துளைகளிலும் துத்தநாகம் தேங்கி நிற்கும். எல்லாவற்றையும் மரை வெட்டும் டேப் கருவி போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

பந்தயம்தான் நோக்கம் என்றால் இதே வடிவத்தில் முனைகளைப் பலப்படுத்திய சேஸிஸ் எடுக்கலாம். 1960களின் பந்தய எலானான 26ஆரின் சேஸிஸும் அடிப்படையில் இதுதான், வலுவூட்டியிருந்தார்கள். இன்றும் பழைய கார் பந்தயங்களில் அந்த வகை வண்டிகள் ஓடுகின்றன. வண்டிக்குச் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் சான்றிதழ் வாங்கும் எண்ணம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. காலத்துக்கேற்ற அமைப்புதான் வேண்டும் என்பது விதி. குழாய்ச் சேஸிஸ் போட்டால் அந்தக் கதவு அடைத்துக்கொள்ளும்.

ரெடிமேட் குழாய்ச் சேஸிஸ்

இங்கிலாந்தில் ஸ்பைடர் என்ற நிறுவனம் எலானுக்கான குழாய்ச் சேஸிஸைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. தகட்டுப் பெட்டி இருந்த அதே இடத்தில், அதே வெளி அளவுக்குள், சதுரக் குழாய்களால் பின்னிய கூடு.

இதன் பெரிய நன்மை விறைப்பு என்றுதான் பலர் சொல்வார்கள். என் கணக்கில் அது மூன்றாவது. முதல் நன்மை, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. துரு எங்கே வந்தாலும் பார்க்கலாம், தேய்க்கலாம். தேவைப்பட்டால் ஒரு குழாயை மட்டும் வெட்டி மாற்றலாம். இரண்டாவது, கை நுழைகிறது. தகட்டுப் பெட்டிக்குள் போகும் பிரேக் லைனையோ கிளட்ச் லைனையோ மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வேறு இஞ்சின் போட நினைப்பவர்களுக்கு மூன்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஃபோர்டின் ஜீடெக் போன்ற பிற்கால இஞ்சினுக்கும் ஐந்து கியர் பெட்டிக்கும் ஏற்ற மவுண்ட்டுகளோடு சேஸிஸை வாங்க முடியும். எலானின் அசல் இஞ்சினான ட்வின்கேம் (இரட்டைக் கேம் ஷாஃப்ட்) 1,558 சிசி இஞ்சின் ஆரம்பத்தில் தந்தது 105 குதிரைத்திறன். கடைசியாக வந்த ஸ்பிரின்ட் மாடலில் 126. ஜீடெக் இதைச் சிரமமே இல்லாமல் தாண்டும், எண்ணெயும் ஒழுகாது.

குறை என்று பார்த்தால், பவுடர் கோட்டிங் செய்து வருவதுதான் எனக்கு உறுத்தல். கல் தெறித்து ஓர் இடத்தில் கோட்டிங் பிளந்தால், ஈரம் அதற்கடியில் ஊர்ந்துபோகும். மேலே தோல் மாதிரி அப்படியே இருக்கும், கீழே துரு நடந்துகொண்டிருக்கும். வருடம் ஒருமுறை கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கு இது பிரச்சினை இல்லை.

சொந்தமாகக் கட்டுவது

இப்போது விஷயத்துக்கு வருவோம். மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு மோதும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கல்லூரி நாட்களில் குழாய் வெட்டி வெல்டிங் வைத்தவர்களுக்கு இந்தப் பகுதி பழக்கமான வலியாக இருக்கும்.

முதலில் எடை. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் 1.6 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. முதுகெலும்பின் நான்கு நீளக் குழாய்கள், நிமிர்ந்தவை, மூலைவிட்டங்கள், முன் பின் கவட்டைகள் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக வரைந்தாலும் 30 மீட்டர் போகும். அதுவே 36 கிலோ. பிராக்கெட்டுகள், இஞ்சின் மவுண்ட்டுகள், டிஃபரன்ஷியல் பிடிகள் இன்னும் சேரவில்லை. அசல் சேஸிஸ் எல்லாம் சேர்த்தே 34 கிலோ. ஆகவே எடை குறையும் என்ற நம்பிக்கையில் இதில் இறங்காதீர்கள்.

அடுத்தது குரோமோலி, அதாவது 4130 என்ற எண்ணால் அழைக்கப்படும் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. நாலு பேர் கூடினால் ஒருவர் ‘4130 குழாயில் கட்டினால் சேஸிஸ் இன்னும் விறைப்பாக இருக்கும்’ என்பார். இருக்காது. சாதாரண எஃகுக்கும் குரோமோலிக்கும் மீள்தன்மை எண் ஒன்றுதான், சுமார் 205 கிகாபாஸ்கல். குரோமோலி முறிவதற்கு அதிக விசை கேட்கும், ஆனால் அதே விசைக்கு அதே அளவுதான் வளையும். சுவரை மெலிதாக்கி எடையைக் குறைக்கலாம் என்றால், விறைப்பும் கூடவே குறையும். சாலை வண்டிக்கு நல்ல மென் எஃகுக் குழாயே போதும். மிச்சமாகும் பணத்தை அளவெடுக்கும் கருவிகளில் போடலாம்.

தகட்டுப் பெட்டியும் குழாய்க் கூடும் முறுக்கத்தைத் தாங்கும் விதமே வேறு. மூடி போட்டு ஒட்டிய அட்டைப்பெட்டியைத் திருகிப் பார்த்தால் திருகாது, மூடியை எடுத்துவிட்டால் துணி மாதிரி திருகும். அசல் சேஸிஸ் மூடியோடு இருக்கும் பெட்டி, அதன் நான்கு பக்கத் தகடும் வெட்டுவிசையைத் தாங்குகிறது. குழாய்க் கூட்டில் தகட்டின் இடத்தில் இருப்பது வெறும் காற்று. அந்த வேலையை மூலைவிட்டக் குழாய்கள் செய்ய வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு முகத்திலும். எங்கேயாவது ஒரு முகத்தில் மூலைவிட்டத்தை விட்டுவிட்டால், அந்தக் கட்டம் வெல்டிங் மூட்டுகள் வளைந்து கொடுப்பதை மட்டும் நம்பி நிற்கும். மற்ற கட்டங்களுக்கு நீங்கள் கொட்டிய உழைப்பெல்லாம் அந்த ஒரு ஓட்டை வழியாகப் போய்விடும்.

ஓட்டை எங்கே வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். கியர்பாக்ஸ் இருக்கும் இடம். எலானில் கியர்பாக்ஸ் முதுகெலும்புக்குள் உட்கார்ந்திருப்பதால், அதை எடுக்க இஞ்சினையும் சேர்த்து மேலே தூக்க வேண்டும். சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்குக் கீழ் முகத்தைத் திறந்துவிட்டுக் கியர்பாக்ஸைக் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்ற ஆசை வரும். வரட்டும். ஆனால் அங்கே போல்ட் போட்டு மாட்டும் மூலைவிட்டம் வேண்டும், போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே ஆட்டம் இருக்கக்கூடாது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8.5 துளை போட்டால், அந்த அரை மில்லிமீட்டர் தீரும்வரை மூலைவிட்டம் இருந்தும் இல்லாததுதான். ரீமர் போட்டுத் துளையை அளவாக்கி, மரையில்லாத உடல் முழுக்கத் துளைக்குள் இருக்கும் போல்ட்டைப் போட வேண்டும்.

சஸ்பென்ஷன் பிடிகள் குழாய்கள் சந்திக்கும் முடிச்சிலேயே விழ வேண்டும் என்பது இன்னொரு சட்டம். குழாயின் நடுவில் விஷ்போன் பிராக்கெட்டை வெல்டிங் வைத்தால் குழாய் வில்லாக வேலை செய்யும். பிராக்கெட் அங்கே வருவதற்குக் காரணம் பெரும்பாலும், சட்டகத்தை முதலில் வரைந்துவிட்டு சஸ்பென்ஷனைப் பிறகு அதில் திணிப்பது. வரைய வேண்டியது தலைகீழாக. டயர், ஹப், விஷ்போன், பிடிப்புள்ளிகள், கடைசியில் அந்தப் புள்ளிகளை இணைக்கும் குழாய்கள்.

இதையெல்லாம்விடப் பெரியது ஜிக், அதாவது வெல்டிங் முடியும்வரை குழாய்களை அசையாமல் பிடித்து வைக்கும் அமைப்பு. எலானின் வீல்பேஸ் 84 அங்குலம், 2,134 மில்லிமீட்டர். அதைத் தாண்டி இருபுறமும் நீளும் சேஸிஸைக் கட்ட மூன்று மீட்டர் நீளத்தில், அசையாத, சமமான இரும்பு மேசை வேண்டும். வெல்டிங் ஆறும்போது உலோகத்தை இழுக்கும். ஒரு பக்கத்தை முழுக்க வெல்டிங் வைத்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டகம் வாழைப்பழமாகிவிடும். எல்லா மூட்டுகளுக்கும் டேக் எனப்படும் சின்னப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி முடித்து, ஆறிய பின்தான் ஜிக்கிலிருந்து எடுக்க வேண்டும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைக் கடைசியில், இழுவை எல்லாம் முடிந்த பிறகு வைப்பது நல்லது. சட்டகம் இரண்டு மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் பிராக்கெட்டுகள் சரியான இடத்தில் இருந்தால் வண்டி நேராக ஓடும். சட்டகம் அழகாக இருந்து பிராக்கெட் கோணலானால் எந்த அலைன்மென்ட் கடையும் உங்களைக் காப்பாற்றாது.

கட்டி முடித்ததைக் கால்வனைஸ் செய்யும் எண்ணம் இருந்தால், மூடிய ஒவ்வொரு குழாய்க்கும் காற்றுத் துளை வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் அந்தச் சூட்டில் குழாயை வெடிக்க வைக்கும். எனவே எந்தப் பட்டறையும் துளை இல்லாத சட்டகத்தைத் தொட்டியில் இறக்காது. அப்புறம் ஹெட்லைட்டுக்குத் தனி வெற்றிடத் தொட்டி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். குறுக்குச் சட்டம் இப்போது பெட்டி அல்லவே.

சஸ்பென்ஷனை மாற்றலாமா?

சொந்தச் சேஸிஸ் கட்டுகிறவரிடம் ஏன் என்று கேட்டால் உண்மையான பதில் பெரும்பாலும் சஸ்பென்ஷனாகத்தான் இருக்கும். முன்னால் இருப்பது இரட்டை விஷ்போன். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த பாகம் டிரையம்ப் ஹெரால்ட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கீழ்முனை மரையிட்ட வெண்கல டிரன்னியனில் சுழல்கிறது. கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். கவனிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் உடையவும் உடையும். இதை மாற்றி, உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் போட வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கவனித்தால் உழைக்கிற சாமான், சாலை வண்டிக்கு நான் மாற்றமாட்டேன்.

மாற்றியே தீருவேன் என்பவர்கள் செய்யும் பொதுவான தவறு, மரைத் தண்டின் நுனியில் உருண்டை மூட்டு கொண்ட ரோஸ் ஜாயின்ட்டை விஷ்போனின் வெளிமுனையில் திருகி வைப்பது. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அதன் மரைத் தண்டு வளைவு விசையை வாங்கும். அந்தத் தண்டு இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் செய்யப்பட்டது. வெளிமுனைக்குக் கார் கம்பெனி பால் ஜாயின்ட்தான் சரி. உள்முனையில் ரோஸ் ஜாயின்ட் போடலாம், சத்தத்தையும் அடிக்கடி மாற்றுவதையும் பொறுத்துக்கொள்வதாக இருந்தால்.

பின்பக்கம் கதை சுவாரசியமானது. லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மனின் பெயரால் வழங்கும் சாப்மன் ஸ்ட்ரட்டும் அகலமான கீழ் விஷ்போனும். டிரைவ் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் வளையங்கள். ஷாஃப்ட்டின் நீள மாற்றத்தையும் கோணத்தையும் அவையே ஏற்றுக்கொள்ளும். மெதுவாகக் கிளட்ச் விடும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டி குதித்துக் குதித்துப் போகும். பழைய ரப்பர் கிழிந்து பறந்தால் ஷாஃப்ட் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அடித்து நொறுக்கும். இதற்குப் பதில், கோணம் மாறினாலும் சீராகச் சுழலும் உலோக மூட்டான சிவி ஜாயின்ட் வைத்த ஷாஃப்ட் போடுவது நல்ல மாற்றம். அதற்குப் புதுச் சேஸிஸ் தேவையே இல்லை, தகட்டுச் சேஸிஸிலும் பொருந்தும். சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் ஜாயின்ட்டின் கோணமும் ஷாஃப்ட்டின் நீளமும் அதன் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ரட்டை எடுத்துவிட்டுப் பின்னாலும் இரட்டை விஷ்போன் வைப்பது அடுத்த படி. டயர் அகலமானால், வளைவில் டயரை நிமிர்த்தி வைக்க இது உதவும், கேம்பரை, அதாவது டயர் சாய்ந்து நிற்கும் கோணத்தை, உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். எலானின் 13 அங்குல ஒல்லி டயருக்கு அந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. அகல டயர் போட்டால் ஃபைபர் மட்கார்டை வெட்டி அகட்ட வேண்டும், பிறகு அது எலான் மாதிரி இருக்காது. இங்கேதான் எனக்குச் சந்தேகம் வரும். ஒல்லி டயரும் மென் ஸ்பிரிங்கும் இந்த வண்டியின் குணம். அதற்கு ஏற்ற சஸ்பென்ஷன் ஏற்கெனவே இருக்கிறது.

எந்தச் சேஸிஸானாலும் செய்தே ஆக வேண்டிய ஒரு சோதனை உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தி, டோ, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம், எவ்வளவு மாறுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளப்பது. ஸ்டியரிங் ரேக் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் தவறினாலே மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பும். ரேக்கின் அடியில் ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். சொந்தச் சேஸிஸில் ரேக் பிடியை முதலிலேயே ஏற்றி இறக்கும் வசதியோடு செய்வது புத்திசாலித்தனம்.

காகிதமும் ஒரு பாகம்தான்

எலான்கள் பெரும்பாலும் இருக்கும் பிரிட்டனில், மாற்றி அமைத்த வண்டி பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க நெடுநாளாக ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. மொத்தம் எட்டுப் புள்ளியாவது வேண்டியிருந்தது, அதில் ஐந்து சேஸிஸுக்கு. அசல் சேஸிஸ் அல்லது அதே வடிவில் செய்த புதுச் சேஸிஸ் என்றால் ஐந்தும் கிடைத்தன. சொந்தமாக வரைந்த குழாய்ச் சேஸிஸுக்குக் கிடைக்கவில்லை. தனி வண்டிச் சோதனைக்குப் போய், அடையாளம் தெரியாத வண்டிகளுக்குத் தரும் ‘க்யூ’ எண்ணோடு திரும்ப வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் இதைத் தளர்த்தினார்கள். பெரிய மாற்றம் செய்த வண்டியும் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

எண் கிடைத்தாலும் இன்னொன்று இருக்கிறது. 40 வருடம் தாண்டிய வண்டிக்கு அங்கே வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த 30 வருடத்துக்குள் சேஸிஸை வேறு வடிவில் மாற்றியிருந்தால் அந்த விலக்கு போகும். உண்மையில், சொந்தமாக வெல்டிங் வைத்த சேஸிஸை வருடம் ஒருமுறை இன்னொருவர் பார்ப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சேஸிஸ் மாற்றத்தை எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இதைக் குழாய் வாங்கும் முன்பே செய்யுங்கள்.

யாருக்கு எது?

ட்வின்கேம் இஞ்சினை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு என்றால் கால்வனைஸ் தகட்டுச் சேஸிஸ், சிவி ஷாஃப்ட், புது ரப்பர் புஷ்கள். என் பணம் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன். பழைய கார் பந்தயத்துக்கு என்றால் வலுவூட்டிய தகட்டுச் சேஸிஸ், வேறு யோசனை வேண்டாம். ட்வின்கேம் இல்லாமல் வெறும் பாடியோடு வந்த வண்டிக்கோ, ஜீடெக் போட்டு நீண்ட தூரம் ஓட்ட நினைப்பவருக்கோ ரெடிமேட் குழாய்ச் சேஸிஸ். அசலான வண்டியை இதற்காகக் கலைத்தால் மறுவிற்பனையில் அடி வாங்கும். ஏற்கெனவே பாகங்கள் சிதறிப்போன வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

சொந்தமாகக் கட்டுவதை யாருக்குச் சொல்வது? எலான் ஓட்ட வேண்டும் என்பதைவிடச் சேஸிஸ் கட்ட வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருப்பவருக்கு. மேசையும் ஜிக்கும் வைக்க இடம் உள்ளவருக்கு, இரண்டு வருடம் வண்டி ஓடாமல் கிடந்தாலும் வீட்டில் சண்டை வராதவருக்கு. விறைப்புக்காகவோ எடைக்காகவோ என்றால் கணக்கு மேலேயே இருக்கிறது, தேவையில்லை. அகல டயர், விறைத்த ஸ்பிரிங், இருமடங்கு சக்தி என்று டிராக் நாட்களுக்காகவே ஒரு வண்டி செய்கிறவருக்கு மட்டும் தொழில்நுட்பக் காரணமும் சேர்ந்துகொள்கிறது.

நான்கில் எதை எடுத்தாலும் பழைய சேஸிஸைப் பழைய இரும்புக்காரருக்குப் போட அவசரப்பட வேண்டாம். ஃபைபர் பாடிகள் கையால் வார்க்கப்பட்டவை, ஒன்று போல் ஒன்று இருக்காது. போல்ட் துளைகள் உங்கள் பாடியில் எங்கே விழுகின்றன என்பதற்கு அந்தத் துருப்பிடித்த தகடுதான் ஒரே டெம்ப்ளேட். புதுச் சேஸிஸில் பாடி உட்கார்ந்து, கதவுகள் இடைவெளி சரியாக மூடுகிற வரைக்கும் அது பட்டறை மூலையிலேயே கிடக்கட்டும்.